கோடெக்கை முதலில் தீர்மானியுங்கள், பிளேயரைப் பிறகு: டிஸ்ட்ரோ குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

திறந்தமூல டெஸ்க்டாப் இயங்குதளங்களில் (டிஸ்ட்ரோக்களில்) எந்தச் செயலி முன்னிருப்பாக வர வேண்டும் என்று முடிவெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

க்னோம் டெஸ்க்டாப்பின் பழைய வீடியோ பிளேயரான டோட்டம் விடைபெற்றுவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49 அதன் இடத்தில் ஷோடைமை உட்காரவைத்தது. லினக்ஸ் மின்ட் அதற்கு வெகு முன்பே, 2019 இறுதியில் வந்த 19.3 பதிப்பில், எக்ஸ்பிளேயரை விட்டுச் செல்லுலாய்டுக்கு மாறியது. இன்னொரு டெஸ்க்டாப்பான கே.டி.ஈ. பக்கம் டிராகன் பிளேயரும் ஹருனாவும் இருக்கின்றன. "அடுத்த வெளியீட்டில் எந்த வீடியோ பிளேயர்?" என்ற கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு ஸ்கிரீன்ஷாட்களில் தொடங்குகிறது: எது டெஸ்க்டாப்போடு ஒட்டிப்போகிறது, எதில் பொத்தான்கள் குறைவு, முகப்பு வரையும் நூலகங்களில் எது ஜிடிகே 4, எது கியூடி 6. வீடியோ மென்பொருள் பேக்கேஜ்களைப் பராமரித்து, அவற்றின் மீது வரும் பிழையறிக்கைகளைப் படிக்கிறவர்கள் நாங்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் தீர்க்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது என்று சொல்லவே இந்த மடல்.

பயனர் ஒரு கோப்பை இருமுறை கிளிக் செய்கிறார். படம் ஓட வேண்டும். ஓடாவிட்டால், பழி பெரும்பாலும் பிளேயரைச் சேராது. வி.எல்.சி., எம்.பி.வி., எம்.பி.வி.யின் மேல் முகப்பாக நிற்கும் செல்லுலாய்டு, ஹருனா எல்லாமே ஒலியையும் காட்சியையும் டிகோட் செய்யும் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை நம்பியிருப்பவை. ஷோடைம் நிற்பது ஜிஸ்ட்ரீமர் என்ற மீடியா கட்டமைப்பின் மீது. ஜிஸ்ட்ரீமரும் தன் லிப்ஏவி செருகுநிரல் வழியாக அதே நூலகத்தைத்தான் அழைக்கிறது. ஃபயர்பாக்ஸ்கூட லினக்ஸில் எச்.264 காட்சிகளுக்குக் கணினியில் உள்ள எஃப்எஃப்எம்பெக்கைத் தேடுகிறது. அந்த நூலகத்தை நீங்கள் எந்தக் கோடெக்குகளோடு (ஒலி, காட்சியைச் சுருக்கி விரிக்கும் முறைகளோடு) பில்ட் செய்து, அதாவது மூல நிரலிலிருந்து தொகுத்து, தருகிறீர்கள் என்பதே பயனரின் அனுபவத்தில் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது.

ஆகவே முதல் முடிவு சட்டம் சார்ந்தது. எச்.264, எச்.இ.வி.சி. (எச்.265) போன்ற பேட்டன்ட் சுமையுள்ள கோடெக்குகளை உங்கள் டிஸ்ட்ரோ நேரடியாகத் தருமா, தராதா? தரும் என்றால் முழு எஃப்எஃப்எம்பெக் முதல் நாளிலிருந்தே இருக்கும். அப்போது எங்கள் பரிந்துரை தெளிவானது: ஜிடிகே டெஸ்க்டாப்பில் செல்லுலாய்டு, கே.டி.ஈ.யில் ஹருனா. உடைந்த கோப்பு, அரைகுறையாக இறங்கிய கோப்பு, விசித்திரமான ஃபிரேம் ரேட், பழைய குறியேற்றத்தில் உள்ள சப்டைட்டில் ஆகியவற்றை எம்.பி.வி. கையாளும் விதத்துக்கு ஈடு குறைவு.

தராது என்றால் கணக்கு தலைகீழாகிறது. எஃப்எஃப்எம்பெக்கில் கோடெக் இருப்பதும் இல்லாததும் பில்ட் செய்யும்போதே முடிவாகிவிடும். அதை நம்பும் பிளேயருக்கு "இது இல்லை, நிறுவட்டுமா?" என்று கேட்கும் ஏற்பாடு கிடையாது. ஜிஸ்ட்ரீமரில் அந்த ஏற்பாடு இருக்கிறது: தேவையான செருகுநிரல் இல்லையென்றால் எந்த வகை இல்லை என்பதைச் செயலிக்குத் தெரிவிக்கும், செயலி அதை மென்பொருள் நிறுவியிடம் கொடுக்கலாம். கோடெக் இல்லாமல் ஐஎஸ்ஓ (நிறுவல் படிமக் கோப்பு) வெளியிடும் டிஸ்ட்ரோவுக்கு அந்த ஒரு வசதிக்காகவே ஷோடைம் போன்ற ஜிஸ்ட்ரீமர் பிளேயர் சரியான தேர்வு. கோடெக்கைக் கழித்துவிட்ட எஃப்எஃப்எம்பெக்கின் மேல் எம்.பி.வி. முகப்பை வைத்து அனுப்புவதுதான் இருப்பதிலேயே மோசமான சேர்க்கை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதன் விளைவு எப்படித் தெரியும் என்று பாருங்கள். ஐபோன்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் எச்.இ.வி.சி.யில் பதிவு செய்கின்றன. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அந்தத் தேர்வு உண்டு. எனவே புதிதாக நிறுவிய கணினியில் பலர் முதலில் திறக்கும் வீடியோவே எச்.இ.வி.சி.யாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏ.ஏ.சி. ஒலிக்கு டிகோடர் இருந்து, காட்சிக்கு இல்லாவிட்டால், கறுப்புத் திரையில் குரல் மட்டும் கேட்கும். பயனருக்கு இது கோடெக் பிரச்சினை என்று தெரியாது. கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிப்பார், திரையைச் சந்தேகிப்பார், கடைசியில் கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தும்விடுவார். பாதி ஓடும் கோப்பு, ஓடவே ஓடாத கோப்பைவிட ஆபத்தானது. ஒலி ஓடி, காட்சி டிகோட் ஆகாத நிலையில் பிளேயர் அதைத் திரையிலேயே சொல்ல வேண்டும்: "இந்தக் கோப்பின் காட்சி எச்.இ.வி.சி. முறையில் உள்ளது, அதற்கான டிகோடர் இந்தக் கணினியில் இல்லை." இந்த வாக்கியம் வருகிறதா என்பதை ஏற்புச் சோதனையில் முதல் வரியாக வையுங்கள்.

ஜிஸ்ட்ரீமரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள் அடிக்கடி தடுக்கிவிழும் இடம் அதன் செருகுநிரல் தொகுப்புகளின் பெயர்கள். பேஸ், குட், பேட், அக்ளி என்று நான்கு தொகுப்புகள், கூடவே லிப்ஏவி. "பேட்" என்ற பெயரைப் பார்த்து அதை ஐஎஸ்ஓவிலிருந்து கழற்றிவிடுகிறார்கள். எம்.பி.4, எம்.கே.வி. பெட்டிகளைத் திறக்கும் பகுதி "குட்" தொகுப்பில் இருக்கிறது. ஆனால் உள்ளே உள்ள எச்.264, எச்.265 ஓடையைப் பிரித்து டிகோடருக்கு ஊட்டும் பார்சர்கள் "பேட்" தொகுப்பில் இருக்கின்றன. விஏ-ஏபிஐ என்ற இடைமுகம் வழியாக கிராபிக்ஸ் சிப்பில் டிகோட் செய்யும் செருகுநிரலும் அங்கேதான். ஏ.எஸ்.எஸ். சப்டைட்டிலை அதன் வடிவமைப்போடு வரையும் செருகுநிரலும் அங்கேதான். அது இல்லாவிட்டால் திரையின் மேலே, பக்கத்தில், பலகையின் மீது வர வேண்டிய எழுத்தெல்லாம் வெறும் வரிகளாகக் கீழே குவிந்துவிடும். "பேட்" என்றால் கெட்டது என்று பொருளல்ல. பராமரிப்பு, ஆவணம், சோதனை ஆகியவற்றில் ஏதோ ஒன்று இன்னும் முழுமையடையவில்லை என்பதுதான் அந்தத் திட்டம் தரும் வரையறை. பேட்டன்ட் சிக்கல் உள்ளவற்றை அதிலிருந்து தனியே பிரித்துவிட்டு, மீதியை ஐஎஸ்ஓவில் வையுங்கள்.

இன்னொரு சிறு முள்: நிறுவிய செருகுநிரல்களின் பட்டியலை ஜிஸ்ட்ரீமர் பயனரின் கேஷ் ஃபோல்டரில் ஒரு ரெஜிஸ்ட்ரி கோப்பாகச் சேமித்துக்கொள்கிறது. ஏற்ற முடியாமல் தோற்ற செருகுநிரல் அதில் தடைப்பட்டியலில் ஏறிவிட்டால், விடுபட்ட நூலகத்தைப் பிறகு நிறுவினாலும் சில நேரம் பழைய தடை நீடிக்கும். அந்தக் கோப்பை அழித்தால் சரியாகும். ஆனால் அதைப் பயனரே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. உங்கள் உதவிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அடுத்தது வன்பொருள். 4கே, 10 பிட் காட்சி ஒன்றின் ஒரே ஒரு ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். 3840 x 2160 என்றால் 82,94,400 பிக்சல்கள். கிராபிக்ஸ் சிப்கள் வழக்கமாகக் கையாளும் பி010 அமைப்பில் ஒரு பிக்சலுக்குச் சராசரி 3 பைட். ஃபிரேம் ஒன்று கிட்டத்தட்ட 24.9 எம்.பி.; நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 1.5 ஜி.பி. சிப்பிலேயே டிகோட் செய்து அங்கிருந்தே திரைக்கு அனுப்பினால் இந்தச் சுமை சிபியுவைத் தொடாது. டிகோட் செய்ததைச் சிபியு நினைவகத்துக்கு இறக்கி மறுபடி சிப்புக்கு ஏற்றினால், அந்த 1.5 ஜி.பி. நொடிதோறும் இரண்டு முறை பயணம் செய்கிறது. "வன்பொருள் டிகோட் இயங்குகிறது" என்று பிளேயரின் லாக் கோப்பில் வந்தபிறகும் லேப்டாப்பின் விசிறி ஏன் அலறுகிறது என்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஜிடிகே 4.14, 2024 மார்ச்சில், இதற்காகவே ஒரு வழியைத் திறந்தது: டிகோட் ஆன ஃபிரேமை ஜிடிகே தானே வரையாமல் வேலண்ட் காம்போசிட்டரிடம் (சாளரங்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் பகுதியிடம்) நேராக ஒப்படைக்கலாம். நீங்கள் எடைபோடும் பிளேயர் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள்.

சோதிப்பது கடினமல்ல. முதலில் விஏ-இன்ஃபோ (vainfo) கட்டளையை ஓட்டுங்கள். வரும் பட்டியலில் எச்.இ.வி.சி. மெயின்10 போன்ற பெயருக்கு எதிரே வி.எல்.டி. (VLD) என்று இருந்தால் அந்த வகைக்கு டிகோட் வசதி உண்டு. என்கோடைக் குறிக்கும் Enc உள்ள சொல் மட்டும் இருந்தால் பதிவு செய்யத்தான் முடியும். பிறகு கோப்பை ஓடவிட்டு, இன்டெல் சிப் என்றால் இன்டெல்-ஜிபியு-டாப் கருவியில் "வீடியோ" என்ற வரி அசைகிறதா என்று பாருங்கள். மற்ற சிப்களுக்கு என்வி-டாப் உதவும். எம்.பி.வி.யில் ஐ (i) விசையை அழுத்தினால் எந்த டிகோடர் வேலை செய்கிறது, எத்தனை ஃபிரேம் விழுந்தது என்று திரையிலேயே காட்டும். ஆனால் எம்.பி.வி. வன்பொருள் டிகோடை முன்னிருப்பாக அணைத்தே வைத்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதன் முகப்பைத் தேர்ந்தெடுத்தால், பாதுகாப்பான தானியங்கித் தேர்வை நீங்களே அமைப்புக் கோப்பில் எழுதி அனுப்ப வேண்டும்.

சிப்பில் வசதி இருந்தும் டிரைவரில் இல்லாமல் போவதும் உண்டு. 2022இல் ஃபெடோரா, சட்டக் காரணத்தால், மெசா என்ற திறந்தமூல கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பின் தன் பேக்கேஜில் எச்.264, எச்.265, வி.சி.1 ஆகியவற்றுக்கான விஏ-ஏபிஐ வசதியை நிறுத்தியது. மெசாவையே நம்பும் ஏ.எம்.டி. பயனர்களை அது நேரடியாகப் பாதித்தது. பிளேயர் அதேதான், கணினி அதேதான். ஒரு பில்ட் அமைப்பு மாறியது, அவ்வளவே. பிளேயரைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அந்தப் பயனருக்கு எதுவும் மாறியிருக்காது.

இனி வி.எல்.சி. 1996இல் பாரிஸ் அருகே ஒரு மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001இல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்த அந்த மென்பொருள் மீது எங்களுக்குப் பெரும் மரியாதை உண்டு. மற்ற இயங்குதளங்களிலிருந்து வருபவருக்கு அந்த ஆரஞ்சு நிறக் கூம்பு ஏற்கெனவே அறிமுகமானது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஏ.வி.1 டிகோடரான டேவிட் (dav1d) அந்தக் குழுவினரின் முயற்சியால் வளர்ந்ததுதான். ஆனாலும் முன்னிருப்பாக வைக்க வேண்டாம் என்கிறோம். 2018 பிப்ரவரியில் வெளிவந்த 3.0 வரிசை கியூடி 5 மீது நிற்கிறது. வேலண்ட் டெஸ்க்டாப்பில் அது பெரும்பாலும் பழைய எக்ஸ்11 செயலிகளுக்கான பாலமான எக்ஸ்வேலண்ட் வழியாகவே ஓடுகிறது. அதனால் 125, 150 சதவீதம் போன்ற அளவுகளில் முகப்பு மங்கலாகத் தெரியும். வேலண்டின் வண்ண மேலாண்மையும் எச்.டி.ஆரும் அதற்கு எட்டாது. மென்பொருள் மையத்தில் ஒரே கிளிக்கில் கிடைக்கட்டும். வேண்டியவர் தேடிப் போட்டுக்கொள்வார்.

பழைய பிளேயரை அகற்றும்போது அதோடு சேர்ந்து என்ன போகிறது என்பதையும் கவனியுங்கள். கோப்பு மேலாளரில் வீடியோவுக்குச் சிறுபடம் வரைந்துகொண்டிருந்தது டோட்டம் கொண்டுவந்த தம்ப்நெயிலர். டோட்டத்தை நீக்கினால் பெயர்கள் மட்டும் இருக்கும், படங்கள் மறையும். எஃப்எஃப்எம்பெக்-தம்ப்நெயிலர் போன்ற மாற்று ஒன்றைத் தனி பேக்கேஜாக முன்னிருப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதன் பிறகும் சில கோப்புகளுக்குப் படம் வராது. காரணம், ஒருமுறை தோற்ற கோப்பை மறுபடி முயலாமலிருக்க, பயனரின் கேஷில் தம்ப்நெயில்ஸ் ஃபோல்டருக்குள் ஃபெயில் என்றொரு ஃபோல்டரில் கணினி குறித்துவைத்திருக்கும். அதை அழிக்கும்வரை புதிய தம்ப்நெயிலருக்கு வேலையே வராது.

பிளேயரை ஃபிளாட்பேக்காக (சாண்ட்பாக்ஸ் என்ற தனி அடைப்புக்குள் ஓடும் பேக்கேஜாக) தருவதாக இருந்தால் சப்டைட்டிலை யோசித்துக்கொள்ளுங்கள். கோப்பு மேலாளரில் வீடியோவைக் கிளிக் செய்தால், சாண்ட்பாக்ஸுக்குள் இருக்கும் பிளேயருக்கு போர்ட்டல் (வெளியிலிருந்து கோப்பை எடுத்துத் தரும் இடைச்சேவை) அந்த ஒரு கோப்பை மட்டும்தான் காட்டும். அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கும் எஸ்.ஆர்.டி. சப்டைட்டில் கோப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. அதே ஃபோல்டரின் அடுத்த பாகத்துக்குத் தாவவும் முடியாது. வீடியோக்கள் ஃபோல்டருக்குப் படிக்கும் அனுமதி கொடுத்தால் அங்கிருப்பவற்றுக்கு மட்டும் தீரும். பென் டிரைவில் இருப்பவற்றுக்குத் தீராது. இந்த ஒரு காரணத்துக்காக, முன்னிருப்புப் பிளேயரைச் சாதாரண பேக்கேஜாகவே தருவது நல்லது என்பது எங்கள் கருத்து.

சாண்ட்பாக்ஸை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடியோ என்பது முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் சிக்கலான பைனரி கோப்பு. 2017இல் சப்டைட்டில் கோப்பு வழியாகவே கணினியைக் கைப்பற்றக்கூடிய குறைகள் வி.எல்.சி., கோடி (Kodi) உள்ளிட்ட பிளேயர்களில் கண்டறியப்பட்டன. 2024 டிசம்பரில் ஜிஸ்ட்ரீமரில், எம்.பி.4, எம்.கே.வி. பிரிக்கும் பகுதிகள் உட்பட, 29 பாதுகாப்புக் குறைகள் வெளியாகி 1.24.10 பதிப்பில் சரிசெய்யப்பட்டன. நீண்டகால ஆதரவு தரும் டிஸ்ட்ரோ என்றால் இப்படிப்பட்ட திருத்தங்களை ஆண்டுக்கணக்கில் பழைய பதிப்புக்குக் கொண்டுவந்து பொருத்த வேண்டியவர்கள் நீங்கள். வலைப்பக்கம் காட்டும் வெப்கிட் போன்றவற்றுக்காக ஜிஸ்ட்ரீமர் எப்படியும் உள்ளே இருக்கும். அதன் மேல் எஃப்எஃப்எம்பெக்கையும் தாங்க ஆள் இருக்கிறதா என்று பாதுகாப்புக் குழுவைக் கேட்ட பிறகே முடிவெடுங்கள். தம்ப்நெயிலர் பயனர் கிளிக் செய்யாமலேயே ஓடுவது. அதை பபுள்ராப் என்ற சாண்ட்பாக்ஸ் கருவிக்குள் அடைத்தே ஓட்ட வேண்டும்.

சோதனைக் கோப்புகளைப் பற்றி. எச்.264 எம்.பி.4 ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று எழுதும் அறிக்கையால் பயனில்லை. எங்கள் சோதனைப் பட்டியலில் இருப்பவை: வி.பி.9 வெப்எம், 10 பிட் ஏ.வி.1; 10 பிட் எச்.இ.வி.சி. 4கே, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ (சுழற்சிக் குறிப்பைப் படிக்காத பிளேயரில் ஆள் படுத்துக் கிடப்பார்), மாறும் ஃபிரேம் ரேட் உள்ள பதிவு, 1080i இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் படத்தை அனுப்பும்) ஒளிபரப்புப் பதிவு, 5.1 ஒலி, இரண்டு ஒலித்தடமும் உள்ளடக்கிய எழுத்துருவும் கொண்ட எம்.கே.வி. இன்டர்லேஸ் கோப்பில் எம்.பி.வி. முன்னிருப்பாக டீஇன்டர்லேஸ் செய்யாது. அசையும் பொருளின் ஓரங்களில் சீப்பின் பற்கள் தெரியும், டி (d) விசையை அழுத்தினால் போகும். ஜிஸ்ட்ரீமரில் கோப்பை ஓட்டும் பகுதியான பிளேபின் அதைத் தானாகவே செய்துவிடும். இந்த ஓரிடத்தில் ஜிஸ்ட்ரீமருக்கே எங்கள் வாக்கு.

இவற்றோடு வேண்டுமென்றே கெடுத்த ஒரு கோப்பும் வேண்டும். எம்.பி.4இல் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மூவ் (moov) என்ற பகுதியில் இருக்கும். பல கருவிகள் அதைக் கோப்பின் கடைசியில்தான் எழுதும். அப்படி எழுதிய கோப்பின் கடைசிப் பத்து சதவீதத்தை வெட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். நல்ல பிளேயர் ஓரிரு நொடிகளில் "கோப்பு முழுமையாக இல்லை" என்று சொல்லும். சில பிளேயர்கள் சுழலும் வட்டத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். பாதியில் நின்ற பதிவிறக்கத்தைத் திறப்பது அன்றாடம் நடப்பது. வட்டம் சுழலும் பிளேயரை ஏற்காதீர்கள்.

தமிழ், தேவநாகரி, அரபு போன்ற எழுத்துகளில் ஒரு சப்டைட்டிலையும் போட்டுப் பாருங்கள். சப்டைட்டில் வரையும் லிப்ஆஸ் நூலகம், எழுத்து வடிவமைக்கும் நூலகமான ஹார்ஃப்பஸ் துணையோடு எழுத்துகளைக் கோக்கும்போதுதான் "கொ", "தௌ" சரியாக விழும். எளிய வடிவமைப்பு முறையில் ஓடினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான். யூடிஎஃப்-8 அல்லாத பழைய எஸ்.ஆர்.டி. கோப்பில் எம்.பி.வி. குறியேற்றத்தை ஊகித்துப் பார்க்கும். மற்ற பிளேயரில் அதைக் கையால் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். சப்டைட்டிலை அரை நொடி முன்பின் நகர்த்தும் வசதி, புளூடூத் ஹெட்செட்டில் ஒலி பிந்தும்போது சரிசெய்யும் வசதி, இரண்டும் மெனுவில் இருக்கட்டும். எளிமை என்ற பெயரில் இவற்றை வெட்டிவிட்ட பிளேயர் முன்னிருப்பு இடத்துக்குத் தகுதியில்லை. படம் ஓடும்போது திரை அணையக் கூடாது. இடைநிறுத்தினால் வழக்கம்போல அணைய வேண்டும். இரண்டாவது பாதியைப் பலர் சோதிப்பதே இல்லை.

கடைசியாக, மேம்படுத்தும் பயனர்கள். புதிய பிளேயரின் டெஸ்க்டாப் கோப்பில் எந்தெந்த எம்ஐஎம்இ வகைகள் (கோப்பு வகைக் குறியீடுகள்) அறிவிக்கப்பட்டுள்ளன என்பதைப் பழைய பிளேயரின் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விடுபட்ட ஒவ்வொரு வகையும், மேம்படுத்திய மறுநாள் ஏதோ சம்பந்தமில்லாத செயலியில் திறக்கும். டி.எஸ். என்று முடியும் கோப்புகளைத் தனியாகச் சோதியுங்கள்: ஒளிபரப்புப் பதிவுக்கும் கியூடி மொழிபெயர்ப்புக் கோப்புக்கும் பெயரின் கடைசிப் பகுதி ஒன்றுதான், சில நேரம் வீடியோ பிளேயருக்குப் பதில் டெக்ஸ்ட் எடிட்டர் திறந்து பல ஜி.பி. கோப்பைப் படிக்க முயன்று தொங்கிவிடும். முன்னிருப்பை மாற்றும்போது எந்த வகையை எந்தச் செயலி திறக்கும் என்று சொல்லும், டிஸ்ட்ரோ அளவிலான மைம்ஆப்ஸ் பட்டியலை மட்டும் மாற்றுங்கள். பயனர் தன் கையால் தேர்ந்தெடுத்தது அவருடைய கன்ஃபிக் ஃபோல்டரில் இருக்கிறது; அதைத் தொடவே கூடாது. பழைய பிளேயரைத் தானாக அகற்றவும் வேண்டாம்.

முடிவை வெளியீட்டுச் சுழற்சியின் தொடக்கத்திலேயே எடுங்கள், முகப்பு உறைநிலைக்கு (முகப்பில் மாற்றங்களை நிறுத்தும் நாளுக்கு) குறைந்தது ஆறு வாரம் முன்பாவது. மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஆவணக் குழுவுக்கும் அந்த நேரம் தேவை. எந்தக் கோப்பு, எந்தச் சிப், எந்த டிரைவர் பதிப்பு, விழுந்த ஃபிரேம்கள் எத்தனை என்ற அட்டவணையை முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள். மேலே சொன்ன கோப்புகளைப் பெரும்பாலும் எஃப்எஃப்எம்பெக்கின் சோதனைக் காட்சி உருவாக்கியைக் கொண்டே யாரும் தயாரிக்கலாம். பதிப்புரிமைத் தொல்லை இருக்காது. போனில் எடுத்த வீடியோவுக்கு மட்டும் உண்மையான போன் வேண்டும்.

இப்படிக்கு,
வீடியோ மென்பொருள் பேக்கேஜ்களைப் பராமரிப்போர் சிலர்